புலியா, புளியா? சின்னப் பிள்ளைகளுக்கு மயங்கொலிச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும், புதிதாகத் தமிழ்ப் பாடம் எடுக்க வந்த ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: "புலி என்று எழுதச் சொன்னால் புளி என்று எழுதுகிறான். எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. என்ன செய்வது?" பிள்ளைக்குக் கவனம் போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். அதற்கு முன்னால், அந்த வேறுபாடு காதில் விழும்படி நாம் வீட்டில் பேசுகிறோமா என்று பார்க்க வேண்டும். பல எழுத்துகளில் நாம் பேசுவதில்லை. அதனால்தான் வேறு வழிகள் தேவைப்படுகின்றன.

மயங்கொலிச் சொற்கள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

ஒலி ஏறத்தாழ ஒன்றாக இருந்து, எழுத்தும் பொருளும் மாறும் சொற்களை. தமிழில் இதற்குக் காரணமான எழுத்துகள் எட்டு: ண, ன, ந, ல, ள, ழ, ர, ற. மனம் – மணம், ஒலி – ஒளி – ஒழி, கரை – கறை என்று பள்ளிப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள்.

இந்த எட்டோடு குழப்பம் முடிந்துவிடாது. மலை – மாலை, முட்டை – மூட்டை போன்ற குறில் நெடில் இணைகளும், இலை – இல்லை, குடை – குட்டை போன்று ஒற்று கூடிக் குறையும் இணைகளும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே அளவு சிரமம் தருபவை. இவற்றை யாரும் மயங்கொலி என்று சொல்வதில்லை, அதனால் சொல்லிக்கொடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஒன்றாம் வகுப்பில் குறில் நெடிலும் ஒற்றும் போதும். விடு – வீடு, கொடு – கோடு, படு – பட்டு, பாடு – பாட்டு. இந்த வேறுபாடுகள் நம் எல்லாருடைய பேச்சிலும் தெளிவாகக் கேட்கும். ஒலி மாறினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைப் பிள்ளை இங்கேதான் முதலில் உணர்கிறது. அது உறைத்த பிறகு ல–ள, ன–ண பக்கம் வரலாம். ர–ற, ந–ன இரண்டையும் மூன்றாம் வகுப்புக்கு முன்னால் கண்டிப்போடு பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

உச்சரிப்பைச் சரியாகக் கற்றுக்கொடுத்தால் எழுத்து தானாக வந்துவிடாதா?

பாதி வரும். எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வது நல்லது.

ண–ன வேறுபாடு பெரும்பாலான ஊர்ப் பேச்சில் நன்றாகவே கேட்கும். ல–ள வேறுபாடும் பல ஊர்களில் உண்டு. பல்லி, பள்ளி இரண்டையும் மெதுவாகச் சொன்னால் பிள்ளையே பிரித்துக் காட்டிவிடும். ழ அப்படியில்லை. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் அது ளகரமாகி வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிறது. சென்னைப் பக்கம் யகரமாகி 'வாயப்பயம்' ஆகிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழ பெரும்பாலும் ள-தான். வீட்டில் எல்லாரும் 'பளம்' என்று சொல்லும்போது, பிள்ளை 'பளம்' என்று எழுதினால் அது தன் காதை நம்பி எழுதியிருக்கிறது. அந்தக் காதைக் குறை சொல்லக் கூடாது.

ர–ற இன்னும் கடினம். கன்னியாகுமரி மாவட்டம் போன்ற சில இடங்களில் அந்த வேறுபாடு பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றபடி கரியும் கறியும் நம்மில் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ந–ன வேறுபாடும் அப்படித்தான், நடுச் சொல்லில் வந்தால் காதுக்குத் தெரியாது. இந்த இரண்டு இணைகளுக்கும் "நன்றாகக் கேட்டு எழுது" என்று சொல்வதில் பயனில்லை. கேட்பதற்கே அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாலும் சொல்லின் உறவுகளாலும்தான் கற்க முடியும்.

ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கை எங்கே வைக்கச் சொல்ல வேண்டும்?

ஒரு சின்னக் கண்ணாடி போதும். ல சொல்லும்போது நாக்கின் நுனி மேல் பற்களின் அடியைத் தொடும். வாயைக் கொஞ்சம் திறந்து சொன்னால் கண்ணாடியில் தெரியும். ள சொல்லும்போது நுனி இன்னும் பின்னால் போய் மேல் அண்ணத்தின் நடுவைத் தொடும். ழ சொல்லும்போது நுனி மேலே வளையும், ஆனால் எதிலும் அழுந்தாது.

தொல்காப்பியம் இதை நுட்பமாகப் பிரித்துச் சொல்கிறது. நுனி நாக்கு மேலே எழும்பி அண்ணத்தை வருடினால் ர, ழ பிறக்கும், ஒற்றினால் ற, ன பிறக்கும் என்கிறது. வருடுவது, ஒற்றுவது என்ற இந்த இரண்டு சொற்களையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம். உள்ளங்கையில் விரலால் வருடிக் காட்டி, அப்புறம் அழுத்தி ஒற்றிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ழ வராத பிள்ளைக்கு ஒரு பயிற்சி. 'ஆ' என்று நீட்டச் சொல்லுங்கள். நிறுத்தாமல், நாக்கின் நுனியை மெதுவாக மேலே பின்னால் வளைக்கச் சொல்லுங்கள், எதையும் தொடாமல். 'ஆழ்' தானே வந்துவிடும். தொட்டுவிட்டால் 'ஆள்' ஆகும். ஆள், ஆழ் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு.

ஆறு ஏழு வயதில் முன் பால்பற்கள் விழும். அந்தச் சமயத்தில் ல, த, ந போன்ற ஒலிகள் குழறும். பல் முளைக்கட்டும், அதுவரை விட்டுவிடுங்கள். ர, ழ இரண்டும் பல பிள்ளைகளுக்கு இயல்பாகவே தாமதமாகத்தான் வரும்.

'அலை, அளை, அழை' என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அது நல்ல முறையா?

இல்லை. சின்ன வகுப்புகளுக்கு இது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒன்றுபோல் இருக்கும் இரண்டு புதிய விஷயங்களை ஒரே நேரத்தில் அறிமுகம் செய்தால், இரண்டும் மனதில் ஒட்டிக்கொள்ளும். வெல்லத்தையும் வெள்ளத்தையும் ஒரே நாளில், ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் படித்த பிள்ளைக்கு, இவை இரண்டும் குழப்பமான ஜோடி என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கும். எது இனிக்கும், எது ஊரை அடித்துக்கொண்டு போகும் என்பதில் சந்தேகம் வந்துவிடும். அதுவரை தெளிவாக இருந்த பிள்ளைகூட அதன் பிறகு தடுமாறும்.

இன்னொரு சிக்கல், பட்டியலை நிரப்புவதற்காகவே சேர்த்த சொற்கள். அளை என்றால் புற்று, தயிர். கழை என்றால் மூங்கில். விழை என்றால் விரும்பு. அழகான சொற்கள்தான், பெரிய வகுப்பில் செய்யுள் படிக்கும்போது தேவைப்படும். எட்டு வயதில், வாழ்க்கையில் ஒருமுறைகூடக் கேட்டிராத சொல்லை வைத்துக்கொண்டு, கேட்ட சொல்லின் எழுத்தை நினைவில் நிறுத்த முடியாது.

நான் செய்வது இப்படி. முதலில் வெள்ளம் மட்டும். மழை பற்றிய பாடத்தில், செய்தியில், படத்தில், பிள்ளை எழுதும் வாக்கியங்களில் அந்த ஒரு சொல் மட்டும் பல நாள் புழங்கட்டும். அதோடு பள்ளம், உள்ளம், வெள்ளை என்று ள்ள வரும் சொற்கள் சேரலாம், தப்பில்லை. அது கைக்கு வந்த பிறகு, வேறு ஒரு வாரத்தில், பொங்கல் சமயத்திலோ கடலை மிட்டாய் கிடைக்கும்போதோ, வெல்லம் வரட்டும். இரண்டும் தனித்தனியாக நின்ற பிறகுதான் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்போது அந்த ஒப்பீடு சோதனையாக இல்லாமல் பிள்ளைக்கே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கும்.

ண, ன, ந இவற்றில் எது எங்கே வரும் என்று சொல்ல ஏதாவது வழி உண்டா?

உண்டு, அதுவும் தமிழ் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று வல்லினமும் மெல்லினமும் ஜோடி ஜோடியாக வந்து, இடையில் ய ர ல வ ழ ள, கடைசியில் ற ன. ட-வுக்கு அடுத்து ண, த-வுக்கு அடுத்து ந, ற-வுக்கு அடுத்து ன. ஒரே இடத்தில் பிறக்கும் ஒலிகள் அருகருகே நிற்கின்றன. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆகவே ட-வுக்கு முன்னால் எப்போதும் ண்: வண்டி, நண்டு, கண்டேன். த-வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை, வந்தான். ற-வுக்கு முன்னால் ன்: கன்று, நன்றி, தென்றல். 'வன்டி' என்றோ 'ஒண்று' என்றோ தமிழில் ஒரு சொல் இருக்கவே முடியாது. இந்த ஒரு விதியை மட்டும் ஒரு மாதம் விளையாட்டாகச் செய்தால் நோட்டில் பாதிப் பிழை காணாமல் போகும்.

'ஒண்று', 'மூண்று' என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். பேச்சில் ஒண்ணு, மூணு என்கிறோம், கன்றுக்குட்டியைக் கண்ணுக்குட்டி என்கிறோம். எழுத வரும்போது பிள்ளை பேச்சின் ணகரத்தையும் பாடத்தின் றகரத்தையும் சேர்த்து ஒட்டிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் திருத்துவது எளிது: "பேசும்போது ஒண்ணு, எழுதும்போது ஒன்று. ற வந்தால் பக்கத்தில் ன்." அவ்வளவுதான்.

சொல்லின் முதலில் இந்த மூன்றில் ந மட்டுமே வரும்: நரி, நிலா, நூல். சொல்லின் கடைசியில் ண், ன் வரும்: மண், மீன். தனித் தமிழ்ச் சொல்லின் நடுவில் ந பெரும்பாலும் த-வோடுதான் இருக்கும். வேறு விதமாக நடுவில் ந வந்தால், அங்கே இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கலாம் என்று தேடச் சொல்லுங்கள். தே + நீர் = தேநீர். 'தேனீர்' என்று எழுதினால் தேன் கலந்த நீர் என்று ஆகிவிடும். கடைப் பலகைகளில் நிறையப் பார்க்கலாம், பிள்ளைகளோடு தெருவில் நடக்கும்போது கண்டுபிடிக்கச் சொன்னால் உற்சாகமாகச் செய்வார்கள். அதே மாதிரி மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. 'முன்னூறு' பெரியவர்களே அதிகம் செய்யும் பிழை.

ல வருமா ள வருமா என்று சந்தேகம் வந்தால் பிள்ளை தானே சரிபார்க்க முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வினைச்சொல் என்றால் 'நேற்று' சேர்த்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நில் – நின்றான். செல் – சென்றான். வெல் – வென்றான். கொல் – கொன்றான். கல் – கற்றான். வில் – விற்றான்.

ஆள் – ஆண்டான். கொள் – கொண்டான். கேள் – கேட்டான். உருள் – உருண்டான். மீள் – மீண்டான்.

வாழ் – வாழ்ந்தான். தாழ் – தாழ்ந்தான். வீழ் – வீழ்ந்தான்.

ல், ன், ற் மூன்றும் ஒரு குடும்பம். ள், ண், ட் மூன்றும் இன்னொரு குடும்பம். ல் மறையும் இடத்தில் அதன் வீட்டு ஆட்களான ன், ற் வருவார்கள். ள் மறையும் இடத்தில் ண், ட் வருவார்கள். ழ் எங்கும் மறையாமல் நிற்கும். 'கொல்' எழுதுவதா 'கொள்' எழுதுவதா என்று தயங்கும் பிள்ளை "நேற்று என்ன ஆச்சு? கொன்றானா, கொண்டானா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். பதில் அதன் வாயிலேயே இருக்கிறது. பேச்சுத் தமிழில் 'நின்னான்', 'கொன்னான்' என்று சொன்னாலும்கூட குறிப்பு கெடாது, ண்ட, ட்ட இரண்டும் பேச்சில் அப்படியே இருக்கின்றன.

பெயர்ச்சொல்லுக்கும் இது பலிக்கும். பன்மையாக்கிப் பாருங்கள்: பல் – பற்கள், சொல் – சொற்கள், புல் – புற்கள். முள் – முட்கள். வேறு சொல்லோடு சேர்த்தும் பார்க்கலாம்: பொன் பொற்குடம் ஆகிறது, மண் மட்பாண்டம் ஆகிறது. அதே இரண்டு குடும்பங்கள்தான்.

புலி, புளி, கிளி போன்ற சொற்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே பார்த்துப் பழகுவது ஒன்றே வழி. கிள்ளு, அள்ளு, துள்ளு போன்றவையும் கிள்ளினான், அள்ளினான் என்றே வருவதால் குறிப்பு கிடைக்காது. ஆனால் ள்ள தெளிவாகக் காதில் கேட்கும்.

ர, ற இரண்டையும் எப்படிப் பிரிப்பது? இதுதான் எங்கள் வீட்டில் பெரிய தொல்லை.

எல்லார் வீட்டிலும். காது உதவாது என்று மேலே சொன்னேன். விதிகள் சிலவும், சொற்களின் உறவும் உதவும்.

ர் இரட்டிக்காது. 'ர்ர' என்று தமிழில் கிடையாது. இரட்டித்தால் அது ற்ற-தான்: காற்று, வெற்றி, குற்றம். ன்-க்குப் பிறகும் ற-தான். ற் வந்தால் அதையடுத்து இன்னொரு மெய் வராது, ஆகவே முயற்சி, பயிற்சி என்பவையே சரி, 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' தவறு. ர் அப்படியில்லை, பார்க்க, சேர்த்து, வளர்ச்சி என்று இன்னொரு மெய்யைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளும். இந்த விதி ட்-க்கும் பொருந்தும்: காட்சி, 'காட்ச்சி' இல்லை.

விதி எட்டாத இடத்தில் ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லிக்கொடுக்காமல் அதன் உறவுகளோடு சேர்த்துச் சொல்லுங்கள். பறவையைப் பற, பறந்தது, பறக்கும் என்பவற்றோடு எழுதிப் பழகிய பிள்ளை 'பரவை' என்று எழுதாது. பரவை என்றால் கடல், அது பரவு, பரப்பு என்ற சொற்களின் உறவு. அறிவு, அறிஞர், அறிவியல் ஒரு பக்கம். அரிவாள், அரிவாள்மனை இன்னொரு பக்கம். இறங்கு என்றால் இறக்கம், படியில் இறங்குவது. இரங்கு என்றால் இரக்கம், பசித்தவனைப் பார்த்து மனம் இரங்குவது. உரை – உரையாடல். உறை – கையுறை, காலுறை, தலையணை உறை. ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் என்று வைத்து, அதன் உறவுகளைப் பிள்ளையே தேடி எழுதும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். பாட்டி தாத்தா இருந்தால் அந்த நோட்டு வேகமாக நிறையும்.

கருப்பா, கறுப்பா? உளுந்தா, உழுந்தா? பெரியவர்களே இரண்டு விதமாக எழுதுகிறார்களே?

சில சொற்களுக்கு இரண்டு வடிவமும் வழக்கில் இருக்கின்றன. பவளம் – பவழம், உளுந்து – உழுந்து, மங்கலம் – மங்களம். கறுப்பு என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கும் பழைய வடிவம். கரிய, கருமை என்ற சொற்களின் பழக்கத்தால் கருப்பு என்றும் இன்று பரவலாக எழுதுகிறார்கள், அச்சிலும் வருகிறது. பிள்ளை எதை எழுதினாலும் மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒரே கட்டுரைக்குள் ஒரே மாதிரி எழுதச் சொன்னால் போதும்.

ஒலியைவிட எழுத்தின் உருவத்தில் குழம்புகிறாள். என்ன செய்யலாம்?

ழ–மு, ந–த, ன–ண, ல–வ இவைதான் அதிகம் குழப்புபவை. சுழி எத்தனை, கால் எங்கே முடிகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று சுழி, அதனால்தான் 'ரெண்டு சுழி ன', 'மூணு சுழி ண' என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பெயர்கள் நல்லவை, விட்டுவிடாதீர்கள்.

ஔ என்ற எழுத்து தனிச் சிக்கல். அதன் துணைக்குறியும் ள-வும் பார்வைக்கு ஒன்றே. 'கௌ' என்பதைக் 'கெள' என்று படித்துவிடும் பிள்ளை தவறாகப் படிக்கவில்லை, அங்கே எழுதியிருப்பதை உள்ளபடி படிக்கிறது. ஔவையார், கௌதாரி, பௌர்ணமி என்று முழுச் சொல்லாகவே அறிமுகம் செய்வதுதான் வழி. கணினியில், கைப்பேசியில் தட்டெழுதுகிறவர்கள் ஔகாரக் குறிக்குப் பதில் ள-வைத் தட்டிவிடுவதும் நிறைய நடக்கிறது. பாடத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் லை, ளை, ணை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை போன்ற கொம்பு இருந்தது, ணா, றா, னா வேறு வடிவில் இருந்தன. தாத்தாவின் பழைய கடிதத்தையோ பழைய புத்தகத்தையோ காட்டி இதைச் சொன்னால் பிள்ளைக்கு ஆர்வம் வரும். சொல்லாமல் விட்டால் குழப்பம் வரும்.

ஆறு, மாலை, படி போல ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் குழப்புமா?

அதிகம் குழப்பாது. எழுத்து மாறாததால் எழுதுவதில் சிக்கல் இல்லை, சூழலை வைத்துப் பொருளைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். படிக்கட்டின் படி, அரிசி அளக்கும் படி, பாடம் படி என்று அடுக்குவதில் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். ஒரே எழுத்து, வேறு ஒலி என்பது அபூர்வம்: பாட்டி சொல்லும் கதையும் பீமன் கையில் இருக்கும் கதையும். சத்தமாகப் படிக்கும்போது மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு எப்படி?

அவர்கள் முதலில் பழகுவது பெரும்பாலும் ஆங்கில எழுத்து. அதில் ல-வுக்கும் ள-வுக்கும் சேர்த்து ஓர் எழுத்துதான், ண, ன, ந மூன்றுக்கும் ஓர் எழுத்துதான். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கத்தை எவ்வளவு சீக்கிரம் விடுகிறார்களோ அவ்வளவு நல்லது. அந்தப் பழக்கம் நீடித்தால், வேறுபாடு இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இலங்கைத் தமிழர் வீடுகளில் ற்ற-வின் ஒலி தமிழ்நாட்டிலிருந்து மாறுபடும். பிறமொழிச் சொற்களை எழுதும் முறையும் வேறு: அங்கே ரொறன்ரோ, ரிவி என்று எழுதுவார்கள், இங்கே டொராண்டோ, டிவி என்று எழுதுவோம். ஒரே வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகளும் இருந்தால், இரண்டும் தமிழ் வழக்கே என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சொல்வதெழுதுதல் வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

தனிச் சொல்லாகச் சொல்லாதீர்கள். "கரை" என்று மட்டும் சொல்லி எழுதச் சொன்னால், அது கடற்கரையா சட்டையில் பட்ட கறையா என்று தெரிய வழியில்லை. முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "சட்டையில் கறை பட்டது." பொருள் தெரிந்து எழுதிப் பழகுவதுதான் தேவை.

திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வட்டமிட வேண்டாம். இந்த வாரம் ன்ற, ண்ட சொல்லிக்கொடுத்தீர்கள் என்றால் அதை மட்டும் திருத்துங்கள். "புலியைக் கரைத்து ரசம் வைத்தாயா?" என்று வகுப்பு முன்னால் கேட்டு மற்றவர்களைச் சிரிக்க வைப்பதை வேண்டவே வேண்டாம் என்பேன். அப்படிச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை தனக்கு நன்றாகத் தெரிந்த சின்னச் சொற்களை மட்டுமே எழுதும். பிழை குறைந்ததாகத் தோன்றும், எழுத்து சுருங்கிப்போயிருக்கும்.

விளையாட்டுகள் ஏதாவது சொல்லுங்களேன்.

இரண்டு சொல்லும் நன்றாகத் தெரிந்த பிறகு, தப்பான வாக்கியத்துக்குப் படம் வரையும் விளையாட்டு. 'அம்மா குழம்பில் புலி கரைத்தாள்', 'குரங்குக்கு நீளமான வாள் இருந்தது', 'அண்ணன் தோலில் பை மாட்டினான்'. பலகையில் எழுதியது நாம், அதனால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை, படத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். வரைந்து முடித்ததும் ஒரே ஓர் எழுத்தை மாற்றி வாக்கியத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வாய்க்கு, 'வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான்' என்ற பழைய நாப்பயிற்சியே போதும். முதலில் மெதுவாக. வேகம் பிறகு தானே வரும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

ல, ள, ழ குழப்பம் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், அது தமிழ் பேசும் எல்லா வீடுகளிலும் இருப்பது. எழுத்துகளை விட்டுவிட்டுப் படிப்பது, தெரிந்த சின்னச் சொல்லையே ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதுவது, படிக்கச் சொன்னாலே ஒதுங்குவது இவையெல்லாம் சேர்ந்து நீண்ட நாள் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் இருக்கிறதா என்று அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கும் முன்னால் காதைப் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கும் பிள்ளைக்கு நுண்ணிய ஒலி வேறுபாடுகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம்.

இன்றைக்கே தொடங்க வேண்டும் என்றால் எங்கே தொடங்கலாம்?

பிள்ளையின் பழைய நோட்டை எடுங்கள். அடிக்கடி தப்பாக எழுதியிருக்கும் சொற்களில் ஐந்தாறைப் பொறுக்குங்கள். அவற்றில் ஜோடியாக வருபவை இருந்தால் ஒன்றை எடுத்து மற்றதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, அட்டையில் பிள்ளையே வரைந்த படம், அதன் கீழே பிள்ளையே சொன்ன ஒரு வாக்கியம். சமையலறைக் கதவிலோ படிக்கும் மேசைக்கு மேலேயோ ஒட்டிவிடுங்கள். வாரக் கடைசியில் அட்டைகளை எடுத்துவிட்டு, அந்தச் சொற்கள் வரும்படி ஒரு குட்டிக் கதை சொல்லி எழுத வையுங்கள். சரியாக வந்த சொல் நோட்டுக்குப் போகட்டும், வராதது இன்னொரு வாரம் கதவில் இருக்கட்டும்.